யூபிசாஃப்டின் தொடர்கள் கைமாறினால் யாரிடம் போக வேண்டும்?

யூபிசாஃப்ட் நிறுவனம் தலைநிமிர முடியாமல் போனால் அதன் வீடியோ கேம் தொடர்களை யார் யாருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்ப்ளிண்டர் செல்லை ஐஓ இன்டராக்டிவுக்கும், ரேமனை நின்டெண்டோவுக்கும், பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை சோனிக்கும் நீங்களே ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைப் பிறரிடம் விட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சட்டமும் பணமும் இடம் கொடுக்கும் அளவில் ஒரு தொடர் யாரிடம் போகக்கூடும் என்பது ஒன்று. யாரிடம் போனால் அடுத்த பத்தாண்டிலும் அதில் நல்ல கேம்கள் வரும் என்பது மற்றொன்று. கேம் உரிம ஒப்பந்தங்களோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில், முதலாவதற்கு ஓரளவு உறுதியோடும் இரண்டாவதற்கு என் கருத்தாகவும் பதில் சொல்ல முயல்கிறேன். ஒப்பந்தங்களின் முழு வாசகம் வெளியில் இருப்பவர்களின் கண்ணில் படுவதில்லை என்பதால், பொதுவெளியில் அறிவிக்கப்பட்டவற்றை மட்டுமே ஆதாரமாகக் கொள்கிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். யூபிசாஃப்ட் 1986இல் பிரான்சில் கியமோ சகோதரர்கள் ஐவர் தொடங்கிய நிறுவனம். பிரெஞ்சு ஊடகக் குழுமமான விவென்டி பங்குகளை வாங்கிக் குவித்து அதைக் கைப்பற்றப் பார்த்தபோது, 2018இல் அந்தப் பங்குகளை வெளியேற்றிக் குடும்பம் தன் பிடியைக் காப்பாற்றிக்கொண்டது. அப்போது உள்ளே வந்த முதலீட்டாளர்களில் சீனாவின் டென்சென்டும் ஒன்று. 2022இல் அதே டென்சென்ட், குடும்பத்தின் முதலீட்டு நிறுவனத்தில் 30 கோடி யூரோ போட்டது. 2024இல் ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ் எதிர்பார்த்த அளவு விற்காமல், அசாசின்ஸ் க்ரீட் ஷேடோஸ் இருமுறை தள்ளிப்போன பிறகு, 2025 மார்ச்சில் பெரிய அறிவிப்பு வந்தது. அசாசின்ஸ் க்ரீட், ஃபார் க்ரை, ரெயின்போ சிக்ஸ் ஆகிய மூன்றையும் ஒரு தனித் துணை நிறுவனத்துக்குள் வைத்து, அதில் 25 விழுக்காட்டை 116 கோடி யூரோவுக்கு டென்சென்டுக்குக் கொடுப்பது என்பதே அது. வான்டேஜ் ஸ்டுடியோஸ் என்று பின்னர் பெயரிடப்பட்ட அந்தத் துணை நிறுவனத்துக்குப் போடப்பட்ட மதிப்பு சுமார் 400 கோடி யூரோ. அன்றைக்குப் பங்குச் சந்தையில் தாய் நிறுவனம் முழுவதற்கும் இருந்த மதிப்பைவிட அது அதிகம்.

இந்த ஏற்பாட்டில் நீங்கள் கவனிக்க வேண்டிய கூறு, பணத்தைவிட உரிமம்தான். மூன்று தொடர்களின் உரிமையும் தாய் நிறுவனத்திடமே இருக்கிறது. ஆனால் அவற்றைப் பயன்படுத்துவதற்கு உலகளாவிய, பிரத்தியேகமான, திரும்பப் பெற முடியாத, காலவரையறையற்ற உரிமம் துணை நிறுவனத்துக்குத் தரப்பட்டு, பதிலுக்கு ராயல்டி வருகிறது. நாளைக்கு யாரோ ஒருவர் தாய் நிறுவனத்தை விலைக்கு வாங்கினால், அசாசின்ஸ் க்ரீடின் பெயரும் ராயல்டியும் துணை நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கும் அவர் கைக்கு வரும். ஆனால் டென்சென்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எதையும் செய்ய முடியும். ஆகவே இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வேறு வேறு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் கற்பனை இனி நடைமுறைக்கு உதவாது. உங்கள் கேள்விக்கு உயிர் இருப்பது மீதமுள்ள தொடர்களில்தான்.

அவற்றுக்குப் போகுமுன், ஒரு தொடர் விற்கப்படும்போது எது விற்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ரசிகர் ஒரு பெயரைப் பார்க்கிறார். விற்பனைப் பத்திரத்தின் இணைப்புப் பட்டியலில் அது பல துண்டுகளாகக் கிடக்கிறது. பெயரும் சின்னமும் வணிகக்குறி. கதையும் உருவங்களும் இசையும் நிரலும் பதிப்புரிமை. கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளான என்ஜின் பெரும்பாலும் நிறுவனம் முழுவதற்கும் பொதுவான சொத்து, ஒரு தொடருக்கென்று உரியதன்று. இவற்றோடு வெளியாரிடம் வாங்கிய உரிமங்கள், பாடல் ஒப்பந்தங்கள், இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சேவையகங்கள், அவற்றில் காசு கொடுத்து வாங்கியிருக்கும் ஆட்டக்காரர்களுக்கான கடமைகள் எல்லாம் இருக்கின்றன. கடைசியாக, அந்தக் கேமை எப்படிச் செய்வது என்று அறிந்த மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களை எந்தப் பத்திரத்தாலும் எழுதிக் கொடுக்க முடியாது. ஒரு கைமாற்றம் பயன் தந்ததா இல்லையா என்பதை, பெயரோடு இந்த மனிதர்களும் சேர்ந்து போனார்களா என்பதே பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது என்பது என் முடிவு. இதை வெறும் கொள்கையாகச் சொல்லவில்லை. இதற்கு நல்ல சான்றாக ஒரு பெரிய ஏலம் கண்முன்னே இருக்கிறது.

அமெரிக்காவின் டி.எச்.க்யூ நிறுவனம் 2012 டிசம்பரில் டெலவேர் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. கிளியர்லேக் என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 6 கோடி டாலருக்கு எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக வாங்கிக்கொள்ள முன்வந்தது. கடன் கொடுத்தவர்கள் அதை ஏற்கவில்லை. துண்டு துண்டாக ஏலம் விட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்று வாதிட்டார்கள். நீதிமன்றமும் அதற்கு இடம் கொடுத்தது. 2013 ஜனவரி ஏலத்தில் ரெலிக் ஸ்டுடியோவை சேகா 2 கோடியே 66 லட்சம் டாலருக்கு எடுத்தது. செயின்ட்ஸ் ரோவைச் செய்த வொலிஷன் ஸ்டுடியோவை கோக் மீடியா 2 கோடியே 23 லட்சத்துக்கும், மெட்ரோ தொடரை சுமார் 59 லட்சத்துக்கும் எடுத்தது. உருவாகிக்கொண்டிருந்த எவால்வ் என்ற கேம் சுமார் 1 கோடியே 9 லட்சத்துக்கு டேக்-டூவிடம் போனது. ஹோம்ஃபிரண்ட் வெறும் 5 லட்சத்துச் சொச்சத்துக்கு கிரைடெக்கிடம் போனது. மாண்ட்ரியல் ஸ்டுடியோவையும் சவுத் பார்க் கேமையும் எடுத்துக்கொண்டது யூபிசாஃப்ட். இன்று யாருடைய சொத்துகளைப் பற்றிக் கேட்கிறீர்களோ அந்த நிறுவனம் அன்றைக்கு வாங்குபவர் வரிசையில் நின்றது.

டார்க்சைடர்ஸைச் செய்த விஜில் ஸ்டுடியோவுக்கு அந்த ஏலத்தில் ஒருவரும் விலை கேட்கவில்லை. ஸ்டுடியோ மூடப்பட்டது. சில மாதங்கள் கழித்து நடந்த இரண்டாம் சுற்றில், டார்க்சைடர்ஸ், ரெட் ஃபேக்ஷன் உள்ளிட்ட பெயர்களை மட்டும் நோர்டிக் கேம்ஸ் 49 லட்சம் டாலருக்கு வாங்கியது. பெயர் ஐரோப்பாவுக்குப் போனபோது, அதைச் செய்தவர்களில் பலர் டெக்சாஸில் கிரைடெக் திறந்த புதிய ஸ்டுடியோவில் சேர்ந்திருந்தார்கள். 2014இல் அங்கிருந்து வெளியேறி கன்ஃபயர் கேம்ஸ் என்ற சொந்த ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். புதிய உரிமையாளர் அவர்களைத் தேடிப் பிடித்து வேலையைக் கொடுத்த பிறகே 2018இல் டார்க்சைடர்ஸின் மூன்றாம் பாகம் வந்தது. பெயரும் கைகளும் மறுபடி ஒன்றுசேர ஐந்தாண்டுக்கு மேல் ஆனது. ரெட் ஃபேக்ஷனுக்கு அதுவும் வாய்க்கவில்லை. அதைச் செய்த வொலிஷன் ஒருவரிடமும் அதன் பெயர் இன்னொருவரிடமுமாகப் பிரிந்தன. 2018இல் கோக் மீடியாவையே நோர்டிக்கின் தாய் நிறுவனம் வாங்கியதால் இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்தன. ஆனாலும் புதிய பாகம் வருவதற்குள், 2023 ஆகஸ்ட்டில் வொலிஷன் மூடப்பட்டுவிட்டது.

எதிர்ப்புறத்தில் மெட்ரோவைப் பாருங்கள். குறைந்த விலைக்குப் போன அந்தத் தொடரில், அதைச் செய்துவந்த 4ஏ கேம்ஸ் குழு கலையாமல் இருந்தது; கேமும் முடியும் தறுவாயில் இருந்தது; வாங்கியவர் குறுக்கே நிற்காமல் அதே ஆண்டு மே மாதம் வெளியிட்டார்; 2019இல் அடுத்த பாகமும் வந்தது. ஏலத்தில் மிக அதிக விலை பெற்ற ரெலிக்கோ, பதினோரு ஆண்டுகள் கழித்து 2024இல் சேகாவை விட்டு வெளியேறித் தனி நிறுவனமாயிற்று. ஏல விலைக்கும் பின்னால் கிடைத்த வாழ்வுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதை இந்த ஒரு ஏலமே காட்டிவிடுகிறது. ஒரே ஏலத்தை வைத்துப் பொது விதி எழுத முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அதற்குப் பின் நடந்த விற்பனைகளில் இதற்கு மாறாகச் சொல்லும் பெரிய சான்று எதையும் நான் காணவில்லை.

டி.எச்.க்யூவின் முகமாக மக்கள் அறிந்திருந்த மல்யுத்த கேம்கள் அந்த நிறுவனத்தின் சொத்தே அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டபிள்யூ.டபிள்யூ.ஈ உரிமம் டேக்-டூவிடம் போயிற்று. ரெலிக் செய்து புகழடைந்த டான் ஆஃப் வாரின் உலகம் கேம்ஸ் வொர்க்‌ஷாப்புக்குச் சொந்தம். அதன் நான்காம் பாகத்தை இப்போது ஜெர்மனியின் கிங் ஆர்ட் செய்கிறது. சவுத் பார்க்கின் உரிமையாளர்கள் தங்கள் இசைவில்லாமல் விற்க முடியாது என்று நீதிமன்றத்தில் ஆட்சேபித்து, சமரசத்துக்குப் பிறகே விட்டுக்கொடுத்தார்கள். யூபிசாஃப்டைப் பொறுத்தவரை ஸ்டார் வார்ஸ், அவதார் கேம்களை அப்படித்தான் கருத வேண்டும். அவற்றைப் பங்கு போடும் பேச்சே எழாது. பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸையும் பலர் யூபிசாஃப்டின் பட்டியலில் எழுதுகிறார்கள். அது கியர்பாக்ஸின் சொத்து, அந்த நிறுவனத்தோடு 2024இல் டேக்-டூவிடம் போய்விட்டது.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். ஸ்ப்ளிண்டர் செல்லை ஐஓ இன்டராக்டிவுக்குக் கொடுக்கலாம் என்பது நியாயமான எண்ணம். மறைந்திருந்து காரியம் முடிக்கும் கேம்களில், ஹிட்மேன் தொடரைச் செய்யும் ஐஓ குழுவுக்கு இருக்கும் தேர்ச்சியை யாரும் மறுக்க முடியாது. 2017இல் அதன் அன்றைய உரிமையாளரான ஸ்கொயர் எனிக்ஸ் அந்த ஸ்டுடியோவைக் கைவிட்டபோது, நிர்வாகத்தினரே அதை வாங்கி, ஹிட்மேனின் உரிமையையும் தங்களோடு கொண்டுபோனார்கள். செய்தவர்களே உரிமையாளர்களானால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு அதுதான். கலைந்துபோயிருக்க வேண்டிய குழு இரண்டு ஹிட்மேன் கேம்களை முடித்து, ஜேம்ஸ் பாண்ட் உரிமத்தையும் பெற்றது. ஆனால் ஸ்ப்ளிண்டர் செல்லில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. 2008இல் யூபிசாஃப்ட், கேம்களில் நாவலாசிரியர் டாம் கிளான்சியின் பெயரைப் பயன்படுத்தும் உரிமையை மொத்தமாக வாங்கியது. அந்தப் பெயரின் கீழ் ஸ்ப்ளிண்டர் செல், கோஸ்ட் ரீக்கான், தி டிவிஷன், ரெயின்போ சிக்ஸ் நான்கும் இருக்கின்றன. அவற்றில் ரெயின்போ சிக்ஸ் ஏற்கெனவே டென்சென்ட் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்குள் இருக்கிறது. பாகப்பிரிவினையில் நிலத்தைப் பங்கிட்ட பிறகும் கிணறு பொதுவில் நிற்பதுபோல், இந்த நான்கையும் நான்கு பேருக்குக் கொடுத்தாலும் அந்தப் பெயர் பொதுவில் நிற்கும். யார் இறைக்கலாம், எவ்வளவு இறைக்கலாம் என்று எழுதி வைக்காவிட்டால் பிற்பாடு வழக்குத்தான் மிஞ்சும்.

இதோடு என்ஜின் கேள்வியும் சேர்கிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ப்ளிண்டர் செல் மறுஆக்கத்தை யூபிசாஃப்டின் டொரொண்டோ குழு ஸ்னோட்ராப் என்ஜினில் செய்கிறது. ஐஓவோ கிளேசியர் என்ற தன் சொந்த என்ஜினில் வேலை செய்யும் நிறுவனம். பெயரை மட்டும் ஐஓ இருக்கும் கோபன்ஹேகனுக்கு அனுப்பினால், செய்துவைத்த வேலையில் பெரும்பகுதி டொரொண்டோவிலேயே நின்றுவிடும். ஆகவே நானாக இருந்தால் விற்க மாட்டேன். மறுஆக்கம் டொரொண்டோவில் முடியட்டும். அதற்கடுத்த ஒரு கேமுக்கு மட்டும் ஐஓவுக்கு உரிமம் கொடுக்கலாம். இது என் விருப்பம். நடக்கும் என்று சொல்லவில்லை.

தி டிவிஷனைப் பொறுத்தவரை சிக்கல் வேறு விதமானது. அதைச் செய்யும் மாஸிவ் ஸ்டுடியோ ஸ்வீடனின் மால்மோவில் இருக்கிறது. ஸ்னோட்ராப் பிறந்ததும் அங்கேதான். அந்த ஸ்டுடியோவை வாங்குபவர், தொடர் ஒன்றோடு மற்றப் பல கேம்கள் சார்ந்து நிற்கும் ஒரு என்ஜினையும் வாங்குகிறார். விற்பவருக்கு அதனால் தொல்லை அதிகம். வாங்குபவருக்கு அதுவே மதிப்பு. இவ்வளவு பெரிய ஸ்டுடியோவைச் சுமக்கும் வலு சோனி, மைக்ரோசாஃப்ட், டேக்-டூ போன்ற சிலருக்கே உண்டு. மைக்ரோசாஃப்ட் 2023இல் ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை வாங்கியபோது போட்டி ஆணையங்களின் தடைகளைக் கடக்க, அதன் கேம்களை இணையத்தில் கிளவுட் வழி ஓட்டும் உரிமையைத் தனியே அறுத்து யூபிசாஃப்டுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அதன்பின் 2024இல் தன்னிடமிருந்த சில ஸ்டுடியோக்களை மூடவும் செய்தது. அந்த நிலையில் இன்னொரு பெரிய ஸ்டுடியோவை அது நாடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்படி மூடப்பட்டவற்றுள் ஒன்றான ஜப்பானின் டாங்கோ ஸ்டுடியோவை, ஹை-ஃபை ரஷ் கேமின் உரிமையோடு சேர்த்துக் கொரியாவின் கிராஃப்டன் ஏற்றுக்கொண்டது. குழுவும் பெயரும் பிரியாமல் கைமாறிய இந்த வழியைத்தான் யூபிசாஃப்டின் நடுத்தர ஸ்டுடியோக்களுக்கும் நான் பரிந்துரைப்பேன்.

எம்ப்ரேசர் போன்ற ஒரு குழுமம் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்வதுண்டு. நோர்டிக் கேம்ஸாகத் தொடங்கி, டி.எச்.க்யூவின் பெயரையும் வாங்கி, பின்னர் எம்ப்ரேசர் ஆன அதே நிறுவனம்தான் 2022இல் டூம் ரெய்டர், டியஸ் எக்ஸ் முதலியவற்றை அவற்றின் ஸ்டுடியோக்களோடு 30 கோடி டாலருக்கு எடுத்தது. மறு ஆண்டே சுமார் 200 கோடி டாலர் மதிப்புள்ள ஒரு ஒப்பந்தம் கைநழுவியதும் ஸ்டுடியோக்களை மூடியும் விற்றும் சுருங்க வேண்டியதாயிற்று. கடன் வாங்கித் தொடர்களைச் சேர்ப்பவர் கையில் ஒரு தொடர் போனால், அதன் வாழ்வு அந்தக் கடனின் தவணைகளோடு கட்டப்பட்டுவிடுகிறது. வாங்குபவரின் ஆர்வத்தைவிட அவர் எந்தப் பணத்தில் வாங்குகிறார் என்பதை முதலில் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ரேமனை நின்டெண்டோவுக்குக் கொடுக்கும் ஆசை எனக்கும் புரிகிறது. ரேபிட்ஸ் என்ற முயல் பாத்திரங்களும் நின்டெண்டோவின் மாரியோவும் சேர்ந்த கேமை யூபிசாஃப்டின் மிலான், பாரிஸ் குழுக்கள் நின்டெண்டோவின் இசைவோடு 2017இல் செய்தன. இரு தரப்புக்கும் பழக்கம் இருக்கிறது. ஆனால் பிறருடைய பாத்திரங்களை விலைக்கு வாங்கிச் சேர்ப்பது நின்டெண்டோவின் வழக்கமில்லை. நெக்ஸ்ட் லெவல் கேம்ஸைப் போல, நெடுங்காலம் தனக்காகவே உழைத்த சிறு ஸ்டுடியோக்களைத்தான் அது எப்போதாவது தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. எனவே அது நடப்பது அரிது என்பதில் எனக்குப் பெரிய ஐயமில்லை. ரேமனின் வேர் மொம்பெலியே நகரத்தில் இருக்கிறது. 1995இல் மிஷேல் ஆன்செல் உருவாக்கிய அந்தப் பாத்திரத்தை, அவர் 2020இல் நிறுவனத்தை விட்டு விலகிய பிறகும், அறிந்த கைகள் அங்கேதான் இருக்கின்றன. அதே நகரத்தில்தான் யூபிசாஃப்டிலிருந்து வெளியேறியவர்கள் தொடங்கிய சாண்ட்ஃபால் ஸ்டுடியோ, 2025இல் கிளேர் ஒப்ஸ்கியூர் என்ற கேமைக் கொண்டுவந்து உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. அந்த ஊரில் திறமைக்கும், அதை நம்பிப் பணம் போடும் சிறு வெளியீட்டாளர்களுக்கும் குறைவில்லை என்பதை அது காட்டுகிறது. மொம்பெலியே ஸ்டுடியோ ஐஓவைப் போல ரேமனைக் கையில் எடுத்துக்கொண்டு தனியே நடப்பதையே நான் முதல் தேர்வாக வைப்பேன்.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் வில்லங்கம் பார்க்காமல் யாரும் கையெழுத்திடக் கூடாது. 1989இல் ஜோர்டன் மெக்னர் உருவாக்கிய தொடர் அது. யூபிசாஃப்ட் 2003இன் சாண்ட்ஸ் ஆஃப் டைமைச் செய்வதற்கு முன் அவரை நாடிச் சென்று இசைவு பெற்றே தொடங்க முடிந்தது. மூலப் படைப்பாளரிடம் எதெல்லாம் எஞ்சியிருக்கிறது, எதெல்லாம் மாற்றிக் கொடுக்கப்பட்டது என்பதை வரிவரியாகப் பார்க்க வேண்டிய தொடர்களில் இது முதலிடத்தில் இருக்கும். இது வீண் அச்சமன்று. 2013இல் அடாரியின் திவால் ஏலத்தில் ஸ்டார் கண்ட்ரோலை ஸ்டார்டாக் சுமார் 3 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதன் மூலப் படைப்பாளர்கள் இருவரும் பழைய கேம்களின் பதிப்புரிமை தங்களுடையது என்றார்கள். வணிகக்குறி ஒரு பக்கமும் உள்ளடக்கம் மறுபக்கமுமாக நின்ற வழக்கு 2019இல் சமரசமாகத்தான் முடிந்தது. யூபிசாஃப்டே இன்னொரு அனுபவத்தையும் கண்டிருக்கிறது. டி.எச்.க்யூ ஏலத்தில் வாங்கிய மாண்ட்ரியல் ஸ்டுடியோவோடு, முன்பு தன்னை விட்டுப் போன படைப்பாளர் பத்ரீஸ் டெசிலேயும் அவர் செய்துகொண்டிருந்த கேமும் வந்து சேர்ந்தனர். சில மாதங்களில் அவர் நீக்கப்பட்டு, வழக்குக்குப் பிறகு 2016இல் அந்தக் கேமின் உரிமை அவரிடமே திரும்பியது.

அந்தத் தொடர் சோனிக்குப் போக வேண்டியதில்லை என்று நான் கருதுவதற்கு வேறு காரணமும் உண்டு. 2024இல் வெளிவந்த தி லாஸ்ட் கிரவுனையும், டெட் செல்ஸ் கேமில் பங்களித்த ஈவில் எம்பயர் ஸ்டுடியோ செய்த தி ரோக் பிரின்ஸையும் பார்த்தால், அளவான செலவில் நுட்பமாகச் செய்யும்போதே இந்தத் தொடர் நன்றாக இருக்கிறது என்று தோன்றுகிறது. சாண்ட்ஸ் ஆஃப் டைம் மறுஆக்கம் முதலில் நம் நாட்டின் புனே, மும்பை ஸ்டுடியோக்களிடம் ஒப்படைக்கப்பட்டு, 2022இல் மாண்ட்ரியலுக்கு மாற்றப்பட்டதை இங்கே பலர் வருத்தத்தோடு கவனித்திருப்பீர்கள். பெருஞ்செலவுத் தொடராக அதை நிறுத்த முயலும் எந்த உரிமையாளரிடமும் இதே தடுமாற்றம் திரும்ப வரக்கூடும். வெளி ஸ்டுடியோக்களுக்கு ஒரு கேம், இரண்டு கேம் என்று உரிமம் கொடுப்பதே அதற்குப் பொருந்தும்.

அந்த முறைக்கு நல்ல முன்மாதிரி யூபிசாஃப்டிடமே இருக்கிறது. 2003இல் 3டிஓ நிறுவனம் நொடித்தபோது மைட் அண்ட் மேஜிக்கை வெறும் 13 லட்சம் டாலருக்கு வாங்கியது யூபிசாஃப்ட். அதன் கிளையாகிய, பல ஆண்டுகள் சுணங்கிக் கிடந்த ஹீரோஸ் தொடரை, அன்ஃப்ரோசன் என்ற சிறு ஸ்டுடியோ ஓல்டன் எரா என்ற பெயரில் செய்கிறது. வியூகக் கேம்களையே தொழிலாகக் கொண்ட ஹூடட் ஹார்ஸ் அதை வெளியிடும் பொறுப்பில் இருக்கிறது. பெயர் கைமாறவில்லை, ஆனால் அந்த வகைக் கேமை நேசிப்பவர்கள் கையில் வேலை இருக்கிறது. ஒரு நாள் இதை விற்றே ஆக வேண்டும் என்றால் ஹூடட் ஹார்ஸ் போன்ற ஒருவரிடம் போவதே முறை.

நகரம் கட்டி ஆடும் அன்னோ தொடரைப் பற்றி எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து ஸ்டுடியோ 2019இல் அன்னோ 1800ஐயும், 2025இல் அன்னோ 117ஐயும் கொண்டுவந்தது. யூபிசாஃப்டின் சிறிய தொடர்களில் குழு, என்ஜின், ரசிகர்கள் மூன்றும் ஓரிடத்தில் கட்டுக்கோப்பாக இருப்பது இதில்தான். ஆகவே விற்பனைக்கு வந்தால் உண்மையில் விலைபோகக் கூடியதும் இதுதான். பலரும் ஸ்வீடனின் கேம் வெளியீட்டாளரான பாரடாக்ஸைச் சொல்வார்கள். கேமை வெளியிட்ட பிறகும் ஆண்டுக்கணக்கில் விரிவாக்கம் தந்து வளர்க்கும் அதன் பாணி அன்னோவுக்குப் பொருந்தும். ஆனால் 2024இல் லைஃப் பை யூ என்ற கேமை வெளியிடும் முன்பே கைவிட்டது, 2023இல் சிட்டீஸ் ஸ்கைலைன்ஸின் இரண்டாம் பாகத்தைப் பழுதுகளோடு வெளியிட்டது ஆகியவற்றைப் பார்க்கும்போது, தன் சொந்தப் பாணிக்கு வெளியே அது தடுமாறுகிறது என்றே நினைக்கிறேன். மைன்ஸ் குழுவை அப்படியே விட்டுவைப்பதாக எழுதிக் கொடுத்தால் பாரடாக்ஸ். இல்லையென்றால் யூபிசாஃப்டிடமே இருப்பது நல்லது.

கார் பந்தய கேமான டிராக்மேனியா, 2003 முதல் அதைச் செய்துவரும் நாடியோவிடமே திரும்பட்டும். 2009இல் யூபிசாஃப்ட் வாங்கிய சிறு ஸ்டுடியோ அது, தொடரையும் குழுவையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. பாடல்களுக்கு ஆடும் நடன கேமான ஜஸ்ட் டான்ஸை வாங்குபவர் பாடல்களை வாங்குவதில்லை; ஒவ்வொரு பாடலுக்கும் இசை நிறுவனங்களோடு புதிதாகப் பேச வேண்டியிருக்கும். டிரைவர் தொடரை 2006இல் அடாரியிடமிருந்து யூபிசாஃப்ட் வாங்கியது. 2011க்குப் பின் பெரிய கேம் எதுவும் அதில் வரவில்லை. அதற்கு உரிமையாளரைத் தேடும் முன், அதைச் செய்யத் தெரிந்த குழுவைத் தேட வேண்டும்.

ரசிகர் பட்டியல்கள் எதிலும் இடம்பெறாத ஒன்று, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களின் நிலை. தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சேவையகங்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் இறுதியில் நிறுத்தியது. இணையம் இல்லாமல் ஓடாத கேம் என்பதால், வாங்கியவர்கள் எவராலும் அதன்பின் ஆட முடியவில்லை. அதிலிருந்து எழுந்த நுகர்வோர் இயக்கம் ஐரோப்பா வரை பேசப்பட்டது. பின்னர் இரண்டாம் பாகத்துக்கு இணையமின்றி ஆடும் வசதி செய்து தரப்பட்டது. ஒரு தொடர் கைமாறும்போது, சேவையகத்தை எத்தனை ஆண்டு நடத்துவது, நிறுத்தும்போது என்ன மாற்று வசதி தருவது என்ற கடமைகள் வாங்குபவரிடம் போகின்றனவா, விற்பவரிடம் தங்குகின்றனவா என்பதை விற்பனைப் பத்திரம்தான் சொல்லும். நொடித்துப்போன நிறுவனத்தின் ஏலத்தில் சொத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு கடமைகளை விட்டுவிடுவதற்குச் சட்டம் பெருமளவு இடம் கொடுக்கிறது. நிறுவனம் நடந்துகொண்டிருக்கும்போதே செய்யும் விற்பனையில் அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியாது. யூபிசாஃப்டின் தொடர்கள் பிரிய வேண்டியிருந்தால், ஏலம் வரை போகாமல் இப்போதே, ஒவ்வொன்றாக, அதனதன் குழுவோடு பிரிவதே நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.